சூடாக இருந்த எஞ்சின்

டெல்ஃபாவின் தாடையை அவள் புருஷன் டாய்ல் உடைத்தது ஒரு மளிகைப் பைக்காக. கொட்டுகிற மழை, இரண்டு கையிலும் பைகள், வீட்டுச் சாவியை எடுக்க ஒரு கை வேண்டியிருந்தது. ஒரு பையை அவன் காரின் பானட் மேல் வைத்தாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான். முட்டையும் ரொட்டியும் இருந்த காகிதப் பையால் என்ன கீறல் விழுந்துவிடும்? ஆனால் டாய்ல் கையில் அப்போது ஒரு பெரிய ஸ்பேனர் இருந்தது. தாடை இரண்டு இடத்தில் உடைந்தது, இரண்டு பல் போனது, இடது காது அன்றோடு செத்தது. அவள் சேற்றில் ரத்தத்தோடு கிடந்தபோது அந்த மகராசன் தன் சட்டையைக் கழற்றி எதைத் துடைத்தான் என்று நினைக்கிறீர்கள்? பானட்டைத் துடைத்தான்.

அது எழுபதாம் வருஷத்து செவெல், வேகத்துக்குப் பேர்போன அமெரிக்கக் கார். அதன் பழைய எஞ்சினைத் தூக்கிக் கடாசிவிட்டு, நிலக்கரி லாரியையே இழுத்துவிடக்கூடிய ஒரு பெரிய எஞ்சினை உள்ளே வைத்திருந்தான். அதற்கு மேல் காற்றை அமுக்கித் திணிக்கிற சூப்பர்சார்ஜர். அது அடங்காமல், பானட்டில் ஓட்டை வெட்டித் தலையை வெளியே நீட்டியிருந்தது. பின் சக்கரங்கள் பீப்பாய் அகலம். உள்ளே பின் சீட்டைப் பிடுங்கிவிட்டு இரும்புக் குழாயால் கூண்டு கட்டியிருந்தான். கறுப்புத் திராட்சை நிறத்தில் ஏழு பூச்சு பெயிண்ட். டெல்ஃபா அதில் ஏற வேண்டுமென்றால் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஓட்டுகிற பேச்சே கிடையாது. பத்தொன்பது வருஷம் அந்த வீட்டில் அவளுக்கு அந்தக் கார் மூத்தாளாக இருந்தது.

ஆனால் கார் அவள் பேரில் இருந்தது. குடித்துவிட்டு ஓட்டி ஒருமுறை மாட்டியபோது, கோர்ட் காரைப் பிடுங்கிவிடுமோ என்று பயந்து அவன்தான் மாற்றினான். திருப்பி மாற்ற மறந்துபோனான். கட்டிய நாளிலிருந்து அவன் அவளுக்குக் கொடுத்த ஒரே நல்லது அந்த மறதிதான்.

தாடைக்காக ஜெயிலுக்குப் போனான். போகும்போது கோர்ட் வராந்தாவில் வைத்தே சொல்லிவிட்டுப் போனான்: "வந்து உன்னைப் புதைப்பேன்டி. அதுக்குள்ள காரை எவனாச்சும் தொட்டிருந்தா அவனையும் சேத்துப் புதைப்பேன்." செப்டம்பரில் வெளியே விட்டுவிட்டார்கள். அவள் வீட்டுப் பக்கமே வரக்கூடாது என்று நீதிபதி உத்தரவு. உத்தரவு காகிதத்தில் இருந்தது, டாய்ல் காட்டில் இருந்தான். காலையில் கொட்டகைக் கதவின் கொக்கி அவள் போட்டபடி இருக்காது. ஈரப் புல்லில் யாரோ நடந்த தடம் இருக்கும். அந்த ஊர்ப் போலீஸான ஷெரிஃப் ஆபீஸுக்குப் போய்ச் சொன்னாள். டெபுடி ஸ்டம்போ பொறுமையாகத்தான் கேட்டான்.

"நீங்க கண்ணால பாத்தீங்களாம்மா?"

"பாக்கலை. ஆனா அவன்தான்."

"யாராச்சும் பாக்கணும்மா. கொக்கியையும் புல்லையும் வச்சு நான் ஒரு ஆளை உள்ளே போட முடியாது."

அன்றைக்குத் திரும்பி வருகிற வழியில் டெல்ஃபா ஒரு முடிவுக்கு வந்தாள். டாய்ல் தன்னைத் தேடி வரவில்லை, காரைத் தேடி வருகிறான். கார் அங்கே இருக்கிற வரைக்கும் வருவான், என்றைக்காவது ஒருநாள் கொட்டகையிலிருந்து நேரே வீட்டுக்குள் வருவான். கார் போய்விட்டால் அவள் வீடு இருந்த அந்த மலையிடுக்கில் அவனுக்கு என்ன வேலை? விற்றுவிட வேண்டியதுதான். உயிரோடு இருக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

விளம்பரம் போட்டாள். போன் சிக்னல் கிடைக்கிற சர்ச் மேட்டில் சாயங்காலம் போய் உட்கார்ந்தாள். அப்பப்பா, வந்த போன்கள்! ஒருத்தன் காரோடு நீயும் வருவியா என்றான். ஒருத்தன் தன் உழவு டிராக்டரை மாற்றிக்கொள்கிறாயா என்றான். ஒழுங்காகப் பேசியவர் ஒரே ஆள்தான். ஹோபர்ட் என்று பேர், ரிட்டயரான நிலக்கரி லாரி டிரைவர், அடுத்த கவுண்டி, அதாவது பக்கத்து மாவட்டத்துக்காரர். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"நான் வர்ற வரைக்கும் எஞ்சினைத் தொடாதேம்மா. ஜில்லுன்னு இருக்கணும். முதல் தடவை எப்படிப் பிடிக்குதுன்னு என் காதால கேக்கணும். நான் வந்து கையை வைக்கிறப்ப சூடா இருந்துச்சுன்னா, வந்த வழியே போயிட்டே இருப்பேன்."

"தொட மாட்டேன்யா."

அங்கே பழைய கார் வாங்குகிற எல்லாருக்கும் இது தெரியும். சூடாக்கி வைத்த எஞ்சின் யாருக்கும் சமத்தாகத்தான் பிடிக்கும். நோவு இருந்தால் குளிரில்தான் இருமும். முன்கூட்டியே சூடாக்கி வைக்கிறவன் எதையோ மறைக்கிறான். டெல்ஃபாவுக்கு இந்தக் கவலையே இல்லை. தாடை உடைந்த நாளிலிருந்து அவள் அந்தக் கொட்டகைக்குள் காலே வைக்கவில்லை.

சனிக்கிழமை காலை. மலையிடுக்குக்குள் போன் சிக்னல் கிடைக்காது, புதிதாக வருகிறவர்களுக்கு வழியும் பிடிபடாது. அதனால் டெல்ஃபா தன் வண்டியை எடுத்துக்கொண்டு சர்ச் மேடு வரைக்கும் போய் அவர்களுக்காகக் காத்திருந்தாள். ஹோபர்ட் ஒரு வெள்ளைப் பிக்கப்பில் வந்தார், கூடவே அவர் மனைவி ஓபல். ஹோபர்ட் ஒல்லி, காதில் முடி. ஓபல் சீட் முழுக்க நிறைந்து உட்கார்ந்து வறுத்த கோழி தின்றுகொண்டிருந்தாள்.

"இந்த ஆள் வயசுக்கு இந்தக் கார் தேவையா, நீயே சொல்லு கண்ணு?" என்றாள் ஓபல் எடுத்த எடுப்பிலேயே. "இவர் வாங்குனா நான் விதவை ஆயிடுவேன்."

"அதுக்குத்தானே வாங்குறேன், நீ நிம்மதியா இருக்கட்டும்னு," என்றார் ஹோபர்ட்.

டெல்ஃபாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

வீட்டு முற்றத்தில் பிக்கப்பை நிறுத்தியதும் ஓபல் குளிருக்குப் பயந்து வண்டியிலேயே இருந்துகொண்டாள். டெல்ஃபா கொட்டகையின் பெரிய கதவைத் தள்ளித் திறந்தாள். உள்ளே கார் மூக்கைச் சுவருக்குக் காட்டி நின்றது. அதன் மூக்குக்கு எதிரே சுவரோடு சேர்த்து போல்ட் அடித்த இரும்பு மேஜை, வலப்பக்கம் பரணுக்குப் போகிற ஏணி, மேலே வைக்கோல். டெல்ஃபா வாசலிலேயே நின்றுவிட்டாள். ஹோபர்ட் உள்ளே போய்க் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். சப்புக் கொட்டினார். பிறகு சாவியை வாங்கி, கார்க் கதவைத் திறந்துபோட்டு ஸ்டியரிங் பக்கத்துச் சுவிட்சில் செருகிவிட்டு வெளியே வந்து, இடுப்பு பெல்ட்டைச் சரக்கென்று உருவினார்.

டெல்ஃபா இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டாள். பெல்ட் உருவுகிற சத்தம் கேட்டால் அவள் உடம்பு அவளைக் கேட்காமலே ஓடும்.

"ஐயோ, பயப்படாதேம்மா," என்றார் ஹோபர்ட். அவர் முகமே சுருங்கிப்போயிற்று. "குனியறப்ப பக்கிள் பெயிண்ட்ல உரசும்ல, அதுக்குத்தான். இந்தா, வெளிய வச்சிட்டேன்."

பானட்டைத் தூக்கி நிறுத்தினார். குனிந்து எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது.

"ஏம்மா, நான் போன்ல என்ன சொன்னேன்?"

"என்னய்யா?"

"என்ன நொய்யா? எஞ்சினைத் தொடாதேன்னு சொன்னேனா இல்லையா? கொதிக்குது!"

"நான் தொடலையே ஐயா."

"அப்ப உங்க சர்ச் பாதிரியார் வந்து ஸ்டார்ட் பண்ணிட்டுப் போனாரா? வரும்போதே புகை வாசனை அடிச்சுது, சரி, வேற என்னமோன்னு நினைச்சேன்." ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். "இங்க பாரு, ஆயில் தேன் மாதிரி இருக்கு. மாத்தி ஒரு வாரம் இருக்குமா? பேட்டரி ஃபுல் சார்ஜ். டயர்ல காத்து ஜம்முன்னு இருக்கு. பிள்ளைய வளக்குற மாதிரி வளக்குறே, அப்புறம் எதுக்கும்மா இந்தப் பித்தலாட்டம்?"

ஒரு வருஷத்துக்கு மேல் யாரும் தொடாத கார். ஆயிலை யார் மாற்றினார்கள்? காற்றை யார் அடித்தார்கள்?

எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. வாரக்கணக்காக வந்து போயிருக்கிறான். அவள் கதவைத் தாழிட்டு, தாழுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்துப் படுத்திருந்த ராத்திரிகளில், இவன் இங்கே உட்கார்ந்து காருக்குப் பணிவிடை செய்திருக்கிறான். விளம்பரத்தையும் பார்த்திருப்பான். இன்று காலை அவள் சர்ச் மேட்டுக்குப் போன நேரத்தில் காரைக் கிளப்பிக்கொண்டு போக வந்திருக்கிறான். வேறு எந்தத் திருடனாக இருந்தாலும் சாவியைத் திருப்பி அடுத்த நிமிஷம் பறந்திருப்பான். டாய்ல் போக மாட்டான். குளிர்ந்த எஞ்சினை விரட்டுகிறவனை ஜெயிலில் போட வேண்டும் என்று மேடை போடாமல் பேசுகிறவன் அவன். ஆயில் சூடாகி முழுக்க ஓடுகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்று தடவிக்கொடுத்துக்கொண்டிருந்திருப்பான். அதற்குள் வண்டிகள் மேலே ஏறி வருகிற சத்தம் கேட்டிருக்கும். இருப்பது ஒரே பாதை. எஞ்சினை அணைத்துவிட்டு எங்கே போயிருப்பான்?

அவள் பரணை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

"ஐயா, வாங்க, முதல்ல வீட்டுக்குள்ள வந்து ஒரு காபி குடிங்க. பிஸ்கட் ரொட்டி சுட்டு வச்சிருக்கேன், தொட்டுக்க கிரேவி சூடா இருக்கு."

"கிரேவி கிடக்கட்டும்." சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்துக்கொண்டார் மனுஷன். "எஞ்சின்ல பொய் சொன்னவ அடியில என்ன மறைச்சிருக்கியோ, அதையும் பாத்துட்டே போறேன்." பலகை உருண்டது. முழங்காலுக்குக் கீழே இருந்த பூட்ஸ் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"அப்ப அம்மாவுக்காச்சும் காபி வேணுமான்னு கேட்டுட்டு வரேன்," என்று டெல்ஃபா உரக்கச் சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். ஓடவில்லை. முதுகு முழுக்க எரிந்தது.

பிக்கப்பின் கண்ணாடியை ஓபல் இறக்கினாள். டெல்ஃபா சிரித்த முகத்தோடு குனிந்து மெல்லச் சொன்னாள்.

"அம்மா, நான் சொல்றப்ப கத்தாதீங்க. என் புருஷன் கொட்டகைப் பரண்ல இருக்கான். என் தாடையை உடைச்சவன். வண்டிய மெதுவா திருப்பி சர்ச் மேட்டுக்குப் போயி ஷெரிஃபுக்குப் போன் பண்ணுங்க. டாய்ல் இங்க இருக்கான்னு சொல்லுங்க, ஸ்டம்போ கிட்ட சொல்லுங்க."

ஓபல் அவள் கன்னத்துத் தழும்பைப் பார்த்தாள். கையிலிருந்த கோழித் துண்டைக் கீழே வைத்தாள்.

"ஹோபர்ட்?"

"காருக்கு அடியில இருக்காரு. கூப்பிட்டா வரலை."

"அந்த ஆள் என்னைக்கு வந்தாரு. நீயும் ஏறு கண்ணு, போயிடலாம்."

"நானும் போயிட்டா அவரைக் கொன்னுட்டுக் காரோட போயிடுவான். அப்புறம் இன்னொரு நாள் வருவான். நீங்க போங்கம்மா."

ஓபல் ஸ்டியரிங் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். கண்ணில் நீர் முட்டியது, ஆனாலும் வண்டியைப் பதறாமல் திருப்பினாள். அந்த அம்மாளைக் கும்பிட வேண்டும்.

டெல்ஃபா கொட்டகைக்குத் திரும்பினாள். வாசலைத் தாண்டியதும் மேலிருந்து வைக்கோல் துகள் கொட்டியது.

"அந்தக் குண்டச்சி எங்கடி போறா?"

டாய்ல் ஏணியில் இறங்கினான். ஜெயிலில் ஒட்ட வெட்டிய தலை, வைக்கோல் ஒட்டிய தாடி, வலது கையில் குட்டையாக அறுத்த துப்பாக்கி. இறங்கியவன் அவளை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. தூக்கி நின்ற பானட்டைப் பார்த்தான், வெளியே நீட்டியிருந்த ஆயில் கம்பியைப் பார்த்தான். அதை எடுத்துத் துடைத்து உள்ளே செருகினான்.

"யாரும்மா அது?" என்றார் ஹோபர்ட் காருக்கு அடியிலிருந்து.

"என் புருஷன், ஐயா."

"விக்கிற காரைப் பத்தி இப்ப என்ன..."

மீதியை அவர் சொல்லவில்லை. டாய்ல் அவர் கணுக்காலைப் பிடித்து ஒரே இழுப்பில் வெளியே உருட்டி, நெஞ்சின் மேல் பூட்ஸை வைத்தான். துப்பாக்கியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு மேஜையிலிருந்து ஜாக்கி லிவரை எடுத்தான்.

"எந்தக் கையால தொட்ட?"

ஹோபர்ட்டுக்கு அப்போதும் வாய் அடங்கவில்லை. நிலக்கரி லாரி ஓட்டிய வாய். "ரெண்டு கையாலயும்தான்டா. வாங்க வந்தவன் தொட்டுப் பாக்காம மோந்தா பாப்பான்?"

லிவர் இறங்கியது. சிமெண்ட் தரையில் இருந்த வலது கை மேல் இறங்கியது. எலும்பு நொறுங்குகிற சத்தம் டெல்ஃபாவின் ஒற்றைக் காதுக்கே நன்றாகக் கேட்டது. ஹோபர்ட் அலறினார். லிவர் மறுபடி எழுந்தது, மறுபடி இறங்கியது. விரல்கள் விரல்களாக இல்லை.

"விடுடா அவரை!" டெல்ஃபா பாய்ந்து அவன் முதுகில் விழுந்தாள். கழுத்தைக் கடித்தாள். டாய்ல் முழங்கையைப் பின்னால் வீசினான். அது முன்பு உடைந்த தாடையிலேயே சரியாக வந்து விழுந்தது. கண்ணுக்குள் வெள்ளையாக வெடித்தது. அவள் சுருண்டுபோய்க் காரின் திறந்திருந்த கதவில் மோதி விழுந்தாள். வாயெல்லாம் ரத்தம். அவன் துப்பாக்கியைத் திருப்புவது தெரிந்தது. போக வேறு இடமில்லை. அப்படியே உள்ளே ஏறிக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டிக்கொண்டாள். எதிர்ப்பக்கத்துப் பூட்டையும் எம்பி அமுக்கினாள்.

துப்பாக்கியின் வாய் கண்ணாடிக்கு நேரே வந்தது. டெல்ஃபா கண்ணை மூடிக்கொண்டாள்.

சுடவில்லை.

கண்ணைத் திறந்தாள். டாய்லின் விரல் விசையில்தான் இருந்தது. அவன் பார்வை அவள் முகத்தில் இல்லை. கண்ணாடியில், கதவில், ஏழு பூச்சுப் பெயிண்டில் இருந்தது. அவனால் சுட முடியவில்லை. அடக் கடவுளே, சுட முடியவில்லை! அந்தக் கவுண்டியிலேயே அவளுக்குப் பத்திரமான இடம் இந்தச் சனியனுக்குள் இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பாளா?

"வெளிய வாடி."

"வர மாட்டேன்."

"மரியாதையா வா. உன்னை ஒண்ணும் பண்ண மாட்டேன்." அப்போதுதான் அவன் கண் கீழே போனது. முகம் கோணியது. "ஏய்! பூட்ஸ்! சேத்துப் பூட்ஸோட உக்காந்திருக்கியா? கழட்டுடி முதல்ல!"

டெல்ஃபா பூட்ஸை இருக்கையின் மேல் தூக்கி வைத்து, முற்றத்துச் சேறு முழுக்கத் தேய்த்தாள். அவன் தொண்டையில் ஏதோ ஒரு சத்தம் வந்தது. சட்டைப் பையிலிருந்து தன் சாவியை எடுத்தான். துப்பாக்கியை வைத்துக்கொண்டு கதவோடு மல்லுக்கட்டினால் இரும்பு பெயிண்டில் உரசும். அதனால் அதைக் கொண்டுபோய் ஏணியில் பதமாகச் சாய்த்துவிட்டு வந்தான். வந்து சாவியைக் கதவில் நுழைத்தான். டெல்ஃபா பூட்டுக் குமிழை ஒரு கையால் அமுக்கிப் பிடித்தாள். அது அவள் கைக்குள் துள்ளியது. இன்னொரு கையால் ஹோபர்ட் செருகி வைத்திருந்த சாவியைத் திருப்பினாள்.

அரைச் சுற்றிலேயே பிடித்தது. அவன்தானே சூடாக்கி வைத்திருந்தான்.

கொட்டகை அதிர்ந்தது. அவள் மிதித்தாள். இன்னும் மிதித்தாள். சூப்பர்சார்ஜர் பன்றி அறுக்கிற மாதிரி கத்தியது. முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது.

"மிதிக்காதே! சும்மா நிறுத்தி வச்சிட்டு அப்படி மிதிக்காதேடி, வெடிச்சிடும்!" டாய்ல் கதவை விட்டான், தலையில் அடித்துக்கொண்டான். உள்ளே இருக்கிறவளைக் கொல்வதெல்லாம் அவனுக்கு மறந்துபோயிற்று. எஞ்சினை அணைக்க வேண்டும், கரண்ட் ஒயரைப் பிடுங்க வேண்டும், அது ஒன்றுதான் அவன் தலையில் இருந்தது. காரின் முன்பக்கம் ஓடி, இரும்பு மேஜைக்கும் காருக்கும் நடுவில் புகுந்து, எஞ்சினுக்குள் குனிந்தான்.

தூக்கி நின்ற பானட் மறைத்தது, டெல்ஃபாவுக்கு அவன் முகம் தெரியவில்லை. பானட்டின் கீழ் இடுக்கில் விரல்கள் மட்டும் தெரிந்தன. அழுக்குப் படிந்த, அவளுக்கு நன்றாகத் தெரிந்த விரல்கள். அவை ஒயரைத் தேடித் தடவின.

மிதித்த காலை எடுக்காமல் கியரை இழுத்தாள்.

கார் பாய்ந்தது. ஒரே இடி. அவள் நெற்றி இரும்புக் குழாயில் மோதியது. பானட் தடாலென்று விழுந்து மூடியது. இரும்பு மேஜை வளைந்தது, சுவரில் கற்கள் உதிர்ந்தன. அவள் நிமிர்ந்து பார்த்தபோது டாய்ல் தொடையோடு மேஜைக்கும் காருக்கும் நடுவில் நசுங்கி, பானட்டின் மேல் கவிழ்ந்து கிடந்தான். வலது கை பானட்டுக்கு அடியில் மாட்டி மணிக்கட்டோடு ஒடிந்திருந்தது. கன்னம் பெயிண்டில் ஒட்டிக் கிடந்தது. முகம் அவளுக்கு நேரே, நடுவில் ஒரு கண்ணாடி.

தரை கழுவுகிற தண்ணீர் ஓடுவதற்காகக் கொட்டகைத் தரையை வாசல் பக்கம் சரித்துக் கட்டியிருந்தார்கள். காலை எடுத்தால் கார் பின்னால் உருளும், அவன் விடுபடுவான். டெல்ஃபா காலை எடுக்கவில்லை. பின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றி ரப்பரைக் கருக்கின. ரேடியேட்டர் பிளந்து, வெந்நீர் டாய்லின் கால் மேல் கொட்டியது.

அவன் கெட்ட வார்த்தையாகக் கத்தினான். அவள் அம்மாவை இழுத்தான், செத்துப்போன அப்பாவை இழுத்தான். விடுபட்டதும் கண்டதுண்டமாக வெட்டுவேன் என்றான். டெல்ஃபா கேட்டுக்கொண்டு மிதித்தாள். ஹோபர்ட் நொறுங்கிய கையை நெஞ்சோடு அணைத்தபடி ஊர்ந்து போய் ஏணியில் சாய்ந்திருந்த துப்பாக்கியை இடது கையால் எடுத்துக்கொண்டார்.

"தண்ணி போயிடுச்சும்மா," என்று அவரும் கத்தினார். "எஞ்சின் தாங்காது. ஐயோ, எப்பேர்ப்பட்ட எஞ்சின்..." பிறகு தன்னைத்தானே கடிந்துகொண்டார். "சீ, என்ன பேசறேன் நான்! விடாதே! அமுக்கு!"

எண்ணெய் தீய்கிற நாற்றம் வந்தது. உள்ளே ஏதோ டக் டக்கென்று அடிக்க ஆரம்பித்தது. அந்தச் சத்தம் கேட்டதும் டாய்ல் திட்டுவதை நிறுத்தினான். அவன் முகம் மாறியது. டெல்ஃபா அந்த முகத்தை அதற்கு முன் பார்த்ததில்லை.

"டெல்ஃபா. கண்ணு. நிறுத்தும்மா."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணு என்றானா?

"உன் கால்ல விழறேன் கண்ணு. நீ சொன்னபடி கேக்கறேன். ஜெயிலுக்கே போறேன். ஆஃப் பண்ணிடும்மா, ஆயில் பிரஷர் போயிடுச்சு, சத்தம் கேக்குதுல்ல? செத்துரும். தயவு பண்ணு, அது செத்துரும்."

கண்ணீர் பொலபொலவென்று பெயிண்டில் ஓடியது. அது அவன் காலுக்காக வந்த கண்ணீர் இல்லை. அவன் அழுது அவள் பார்த்ததில்லை, அவள் குழந்தை ஆறாம் மாதத்தில் கலைந்தபோதும் பார்த்ததில்லை. அந்த நாள் இவன் கார் கழுவப் போனான்.

"நான் கெஞ்சினப்ப நீ நிறுத்தினியா?" என்று டெல்ஃபா கத்தினாள். உடைந்த தாடையால் வார்த்தை குழறியது, ரத்தம் கண்ணாடியில் தெறித்தது. "எத்தனை தடவை கெஞ்சினேன்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நிறுத்தினியாடா?"

"டெல்ஃபா, எஞ்சின்..."

அவள் எழுந்து நிற்கிற மாதிரி முழுப் பாரத்தையும் காலில் போட்டு மிதித்தாள்.

எஞ்சின் ஒரு முறை உதறியது. உள்ளே எதுவோ முறிந்து இரும்போடு இரும்பு கடித்துக்கொண்டது. பிறகு பெரிய அமைதி. கார் மெதுவாகப் பின்னால் உருண்டது. டாய்ல் சரிந்து தரையில் விழுந்தான். கால் இரண்டும் துணி மாதிரி கிடந்தன, எழுந்திருக்கிற கால்கள் இல்லை அவை. ஹோபர்ட் துப்பாக்கியை அவனுக்கு நேரே பிடித்திருந்தார். அவன் அதைப் பார்க்கவே இல்லை. நல்ல கையை ஊன்றிக் காரை நோக்கி நகர்ந்தான்.

ஸ்டம்போ வந்தபோது அப்படித்தான் கிடந்தான். பின்னாலேயே ஆம்புலன்ஸ், அதற்குப் பின்னால் ஓபலின் பிக்கப். ஓபல் இறங்கி ஓடி வந்து புருஷனின் கையைப் பார்த்து, "பாவி மனுஷா, பாவி மனுஷா," என்று அவர் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டாய்லை ஸ்ட்ரெச்சரில் கட்டி வெளியே தூக்கினார்கள். அவன் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

டெல்ஃபா காரிலிருந்து இறங்கினாள். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. டாய்ல் அவளைத் தாண்டிப் போகிறபோது அவள் பக்கம் ஒரு பார்வை, ஒரு திட்டு, ஒரு சாபமாவது வரும் என்று நின்றாள். அவன் கண் அவளைக் கடந்து காருக்குப் போயிற்று. இத்தனை காலம் அவன் தன்னை வெறுக்கிறான் என்றுதான் நினைத்திருந்தாள். வெறுப்பதற்குக்கூட அவன் அவளை ஒரு ஆளாக மதித்ததில்லை.

அப்போதுதான் ஆத்திரம் வந்தது. வயிற்றிலிருந்து வந்தது. தரையில் கிடந்த ஜாக்கி லிவரை எடுத்து முன் கண்ணாடியில் போட்டாள்.

வெளியே ஸ்ட்ரெச்சரில் டாய்ல் வீறிட்டான்.

விளக்கில் போட்டாள். மறுபடி வீறிட்டான். கதவில் போட்டாள், கூரையில் போட்டாள், பெயிண்ட் செதில் செதிலாகத் தெறித்தது. ஒவ்வொரு அடிக்கும் அவன் அலறினான். அவள் உடம்பில் விழுந்த அடிகளுக்கு ஒரு நாளும் துடிக்காதவன், இப்போது அடிக்கு அடி துடித்தான்.

"அம்மா, போதும்மா, அது கேஸ்ல காட்டணும்," என்று ஸ்டம்போ ஓடி வந்தான்.

ஓபல் எழுந்து அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "சும்மா நில்லுடா," என்றாள்.

ஸ்டம்போ நின்றான். டெல்ஃபா அழுதுகொண்டே அடித்தாள், வாயில் ரத்தம் வழிய வழிய அடித்தாள். ஆம்புலன்ஸ் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்புகிறவரை அவள் நிறுத்தவில்லை.